மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா சமூக மன்றத்தில் ஓய்வுபெற்றவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை மகிழ்ச்சியாகக் கழிப்பது எப்படி என்று தமிழில் பத்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். என்னைக் கேட்டதில் வியப்பில்லை. எங்கள் வட்டாரத்தில் என் அளவுக்குப் பொழுதுபோக்குகள் வைத்திருந்த கிழவர் வேறு யாரும் இல்லை.

நடைபாதை ஓரம் ஆர்க்கிட் வளர்த்தது, கேமராவோடு ஊர் சுற்றியது, வீட்டிலேயே ரொட்டி சுடக் கற்றது, அறுபத்தைந்து வயதுக்கு மேல் கீபோர்டு வகுப்பில் சேர்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் பொழுதுபோக்கு ஒன்று அவசியம் இருக்க வேண்டும். நான் என் மனைவியின் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். இப்போது நாங்கள் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். என் மனைவி கடைசி வரிசையில், தேநீர் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கைதட்டினாள்.

அவள் பாடகர் குழுவை விட்டு விலகி அப்போது அரை வருடம் ஆகியிருந்தது. விலகியதற்குக் காரணம் நான். அந்த மண்டபத்தில் அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் அப்படிப் பேசினேன்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் விமான உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். ஒரு பாகம் என் மேசைக்கு வந்தால் அதில் கீறல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பேன். நன்றாக இருக்கும் பாகத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். குறை இருந்தால்தான் எழுத வேண்டும், பேச வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஓய்வுபெற்றபோது விளக்கை மட்டும்தான் அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

என் மனைவி ஒரு தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எனக்கு முன்பே ஓய்வுபெற்றாள். ஓய்வுபெற்றதும் புதிதாக எதையும் அவள் தேடவில்லை. அவளுக்கு வேண்டியது முன்பே இருந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய எங்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் அவள் நெடுங்காலமாகப் பாடிவந்தாள். வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடல் பெரும்பாலும் அவளுடையது. அதைத் தனியாக நின்று பாட வேண்டும். வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடுவாள். மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அந்த ஒரே வரியை மறுபடியும் மறுபடியும் பாடிக்கொண்டிருப்பாள். ஞாயிறன்று நான் நான்காம் வரிசையில் உட்கார்ந்து, காரை எங்கே நிறுத்தினோம், பக்கத்துக் கார் வழியை மறித்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவள் பாடியதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்திவந்தவர் மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது முன்வாருங்கள் என்று பங்குத்தந்தை அறிவித்தார். திருப்பலி முடிந்ததும் நேரே போய் என் பெயரைக் கொடுத்தேன். காரை அதற்குள் விற்றிருந்தோம்; அன்று வீட்டுக்குப் பேருந்தில்தான் போனோம்.

"நெசமாவே வரப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"ஏன், வரக் கூடாதா?"

"அதுக்கில்ல. சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு பேட்மிண்டன் இருக்கே."

"விட்டுட்டாப் போச்சு."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வருவதில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி, வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நான் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் சனிக்கிழமைகளில் பயிற்சி. எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள், நின்று சுழலும் ஒரு மின்விசிறி. பயிற்சி முடிந்ததும் எல்லாரும் நடந்து போய் லிட்டில் இந்தியாவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து தேநீரும் வடையுமாக ஊர்க்கதை பேசிவிட்டுக் கலைவார்கள். பாட்டைவிட அந்தக் காப்பிக்கடைக்காகத்தான் பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் வந்ததும் பயிற்சி நேரத்தை நீட்டினேன். காப்பிக்கடை நேரம் சுருங்கியது.

பிறகு கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு வந்தேன். அதன் முன்னால் பாடினால் சுருதி சரியாக இருக்கிறதா என்று முள் காட்டும். சரியாக இருந்தால் பச்சை, விலகினால் சிவப்பு.

"என்ன அண்ணே இது, பிரஷர் பாக்குற மிஷின் மாதிரி இருக்கு?" என்றார் குழுவில் ஓர் அம்மா. தோ பாயோவிலிருந்து வருபவர். வாய்த்துடுக்கு அதிகம். என் மனைவிக்கு மிகவும் வேண்டியவர்.

"நீங்க பாடுங்க, அதுவே சொல்லும்."

அவர் பாடினார். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"எனக்கு எப்பவும் செவப்புதான் லா. ஆண்டவருக்கே பழகிப்போச்சு, உங்க போனுக்கு என்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து என் மனைவி. பதிலுரைப் பாடலை எடுத்தாள். முள் பச்சையிலேயே நின்றது. வரியின் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் மெல்ல இறங்கிச் சிவப்பைத் தொட்டது. நிறுத்தச் சொன்னேன். மறுபடியும் பாடச் சொன்னேன். அதே இடத்தில் இறங்கியது. மறுபடியும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஓர் உற்சாகம் எழுந்தது. இதை மறைத்துப் பயனில்லை. என் பழைய மேசைக்குத் திரும்பிவிட்டதுபோல் இருந்தது. மறுபடியும் என்றேன்.

"அண்ணே, போதும். அக்கா எத்தனை வருசமா இதப் பாடுறாங்க" என்றார் தோ பாயோ அம்மா.

"அதனாலதான் தப்பே பழக்கமாயிருச்சு" என்றேன்.

நான் மனைவியிடம், "நீ மைக்ல இருந்து ஒரு அடி தள்ளி நில்லு. கூட்டத்தோட சேர்ந்து பாடு. தனியாப் பாடுறத இவங்களுக்குக் குடுப்போம்" என்று, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தாதியைக் காட்டினேன். திருச்சியிலிருந்து மருத்துவமனை வேலைக்கு வந்த பெண். முறையாகப் பாட்டுப் படித்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்க" என்று என் மனைவி பின்னால் போய் நின்றாள். ஓர் அடி அல்ல. சுவர் வரைக்கும் போனாள்.

அன்று காப்பிக்கடையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தது அவள்தான். யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கவும் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்று நம்ப எனக்கு அது போதுமாக இருந்தது. பேருந்தில், "தப்பா எடுத்துக்காத. கண்ணுல பட்டுட்டா சொல்லாம இருக்க எனக்கு வராது" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

சில வாரங்கள் பின்வரிசையில் நின்றாள். பிறகு கால் வலிக்கிறது என்று ஒரு சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவளுடைய குழுவுக்கு, அவள் இல்லாமல், நான் போய்வந்தேன். இதில் கோணலாக ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு நாங்கள் பாடியதைப் பங்குத்தந்தை பலிபீடத்திலிருந்தே பாராட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததில்லை. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அதுதான் இப்போது பொறுக்க முடியாததாக இருக்கிறது.

வீட்டில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்பதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. பொங்கோலில் இருக்கும் எங்கள் மகள். ஒரு நாள் மாலை வந்தவள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, அம்மா பாடுறதே இல்லையே. நீங்க நோட்டீஸ் பண்ணலயா?" என்றாள்.

"வயசாகுதுல்ல."

"பாடுறதுக்கு என்னப்பா வயசு? வீடு கிளினிக் வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கு. எனக்கே பயமா இருக்கு லா."

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கீபோர்டு பழகும்போது சமையலறையிலிருந்து பாட்டு வந்தால், "கொஞ்சம் நிறுத்தேன், எனக்குத் தாளம் தப்புது" என்று நான் கத்தியிருக்கிறேன். ஒரு முறை அல்ல. வீடு அமைதியானபோது பழக வசதியாயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை. இது நடந்து கொஞ்ச நாளில்தான் சமூக மன்றத்தில் போய் அந்தப் பேச்சைப் பேசினேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. தைராய்டில் கட்டி. அகற்றியாக வேண்டும் என்றார்கள். அறுவை செய்யவிருந்த மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண். தாளில் கழுத்தை வரைந்து பொறுமையாக விளக்கினார். குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். ஆனாலும் சிலருக்குக் குரல் கம்மிவிடும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். உச்சத்தில் பாடுவது மட்டும் போய்விடுவதும் உண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாரிடமும் கேட்கும் கேள்வி போலிருக்கிறது, "நீங்கள் குரலை அதிகம் பயன்படுத்துபவரா? ஆசிரியரா? பாடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றாள் என் மனைவி.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். இல்லை டாக்டர், இவள் பாடுவாள், இத்தனை வருடம் பாடியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் கணினியில் ஏதோ தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அன்று முதல் எனக்குள் ஒரே பதற்றம். அவள் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. அந்தக் கடைசிச் சொல் இறங்குவது வருகிறது, சிவப்பு வருகிறது. அதற்கு முன்னால் அவ்வளவு தூரம் பச்சையில் நின்ற குரல் எப்படி இருந்தது என்று வரவில்லை. கனமாக இருந்ததா, மெலிந்ததா? எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் காதில் விழுந்த குரல். குறையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கைப்பேசியில் பயிற்சிகளையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். லிட்டில் இந்தியாவுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாதி தெளிவாகக் கேட்கிறார். தோ பாயோ அம்மா எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடுகிறார். என் மனைவி கேட்கவில்லை. நான்தான் அவளைத் தள்ளி நிறுத்தியிருந்தேனே. அவள் முன்னால் நின்று பாடிய காலத்தில் எதையும் பதிவு செய்ய எனக்குத் தோன்றியதில்லை. எல்லாவற்றிலும் துல்லியமாகக் கேட்டது ஒரே குரல். "மறுபடியும்", "நிறுத்துங்க", "அங்க இறங்குது". என் நிறுத்தத்தைத் தாண்டிப் பேருந்து எங்கேயோ போய்விட்டது.

அறுவைக்கு முந்தைய ஞாயிறு அவளைப் பாட வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பயிற்சியில் தாதியிடம் பதிலுரைப் பாடலை விட்டுத்தரும்படி கேட்டேன். "ஐயோ, அம்மாவே பாடட்டும்" என்று அந்தப் பெண் உடனே ஒப்புக்கொண்டார். தோ பாயோ அம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. அக்காகிட்ட கேட்டீங்களா?"

"சொன்னா சந்தோசப்படுவா."

"அப்ப கேக்கல. நீங்களே எடுத்தீங்க, நீங்களே குடுக்குறீங்க. நல்லா இருக்கு அண்ணே உங்க கத."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய பரிசு கொண்டுவந்தவனைப்போல் சொன்னேன். அவள் துவைத்த துணிகளை மூங்கில் கழியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுப் பேர் குடுத்தீங்க?"

"ஒரே ஒரு தடவ. ஆபரேசனுக்கு முன்னால."

"மாட்டேன்."

"எனக்காகப் பாடக் கூடாதா?"

துணியைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை. அவள் முகத்தில் ஒரு களைப்பு மட்டும்தான் இருந்தது.

"நான் எப்பங்க உங்களுக்காகப் பாடினேன்? சாமிக்குத்தான் பாடினேன். அவரு ஒரு நாளும் மறுபடியும் பாடுன்னு சொன்னதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பயிற்சியைப் பற்றி, சமூக மன்றப் பேச்சைப் பற்றி, மருத்துவரின் முன்னால் வாய்மூடி இருந்ததைப் பற்றி எல்லாம் சொல்லிக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் தெரியும்ங்க, அந்த எடத்துல எறங்கும்னு. எங்கம்மாவுக்கும் அங்கதான் எறங்கும். விடுங்க. சட்டய மடிக்கணும்" என்றாள்.

ஞாயிறன்று அவள் திருப்பலிக்கு வந்தாள். அவள் இருக்கை வலப்பக்கம், தூணை ஒட்டி. நான் கீபோர்டுக்குப் போகவில்லை. வருகைப் பாடலை இசை இல்லாமலே பாடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாடகர் குழுவில் பாடாவிட்டால் என்ன, சபையோடு சேர்ந்து பாடித்தானே ஆக வேண்டும். பக்கத்தில் இருந்தால் கேட்டுவிடலாம். நினைவில் வைத்துக்கொள்ளலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாட்டு தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள். முதல் சொல் வந்ததோ இல்லையோ, நான் என்னையறியாமல் அவள் பக்கம் தலையைச் சாய்த்துவிட்டேன். அவள் நிறுத்திவிட்டாள்.

பாட்டு முடியும்வரை உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். எல்லாரும் உட்கார்ந்ததும் குனிந்து என் காதருகே, "நீங்க அங்கயே போங்க. கேக்குறதுக்குன்னு நீங்க பக்கத்துல ஒக்காந்தா எனக்கு வராது" என்றாள். அவள் அதைக் கடிந்து சொல்லவில்லை. கெஞ்சினாள். அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எழுந்து போனேன். கீபோர்டின் முன் உட்கார்ந்தேன். பதிலுரைப் பாடலைத் தாதி பாடினார். நான் வாசித்தேன். எங்கே பிசகினேன், எங்கே சரியாக வாசித்தேன் என்று தெரியாது. காணிக்கைப் பாடல் சபையில் எல்லாருக்கும் தெரிந்த பாடல். தேவாலயமே பாடத் தொடங்கியது. கீபோர்டிலிருந்து பார்த்தால் அந்தத் தூணும் அதற்கு இந்தப் பக்கம் அவள் முகமும் தெரியும். அவள் வாய் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக உயர்த்தி, முழு வாயும் திறந்து அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை குரல்கள், அவற்றின் மேல் என் வாத்தியம். நான் வெட்கப்பட வேண்டிய ஒன்றைச் செய்தேன். இடது கையால் ஒலியளவைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். தாங்கிப் பிடித்திருந்த சத்தம் போனதும் சபையின் குரல் தளர்ந்தது. பின்வரிசைகளில் சிலர் நிறுத்தினார்கள். தோ பாயோ அம்மா திரும்பி என்னை முறைத்தார். தூணருகே என் மனைவி கண்ணைத் திறந்தாள். அவள் வாய் மூடப்போகிறது என்று தெரிந்தது.

ஒலியளவைத் திருப்பினேன். முன்பிருந்ததைவிட அதிகமாகவே வைத்தேன். இரண்டு கைகளாலும் அழுத்தி வாசித்தேன். சபை மறுபடியும் எழும்பியது. அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரையும் கேட்க முடியாது. அவள் மறுபடியும் பாடத் தொடங்கியதை ஒரு கணம் பார்த்தேன். பிறகு கட்டைகளின் மேல் பார்வையை வைத்துக்கொண்டேன். பாட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை.